குளிரெடுத்தால் நானே கேட்பேன்

2005-ஆம் வருடம். ஷார்ஜாவில் ரோலா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு பெண்கள் அழகு நிலையத்தில் நான் மூன்றாவது வருடமாகத் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் முடி வெட்டுவது, புருவம் திருத்துவது எல்லாம் நடக்கும். பின்பக்கம் இரண்டு படி இறங்கினால் ‘மொரோக்கன் பாத்’. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீராவி நிறைந்த ஓர் அறை. நடுவில் பளிங்கு மேடை. வருகிற பெண்கள் அதில் படுத்துக்கொள்வார்கள். கறுப்பாக, பசை மாதிரி இருக்கும் ஒரு சோப்பை உடம்பெல்லாம் பூசி ஊறவைத்து, சொரசொரப்பான கையுறையைப் போட்டுக்கொண்டு அழுக்கை உருட்டி உருட்டி எடுப்பார்கள். வருகிறவர்களுக்கு இடுப்புக்கு ஒரு காகித உள்ளாடை கொடுப்போம். அதைத் தவிர உடம்பில் ஒன்றும் இருக்காது.

தேய்த்துவிடுகிறவர் ஒரு மொரோக்கோ நாட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும், நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு. தண்ணீர் ஊற்றுவது, துண்டு எடுத்துக் கொடுப்பது, ஒவ்வொருவரும் போனபிறகு மேடையைக் கழுவிவிடுவது என் வேலை. எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை. முன்பக்கம் புருவம் திருத்தும் பெண் யாழ்ப்பாணத்துக்காரி, முப்பதுக்குள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள். அங்கே எனக்குத் தமிழில் பேச இருந்த ஒரே ஆள் அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் அந்த நீராவி அறையில் தலையை நிமிர்த்தவே இல்லை. தரையைப் பார்த்தபடியே தண்ணீர் ஊற்றுவேன். வாடிக்கையாளர்களைக் காலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். மருதாணிக் கால், வெடித்த கால், கட்டைவிரல் வளைந்த கால் என்று.

“அக்கா தரையோடதான் கதைக்கிறா, ஆக்களோட கதைக்கிறேல்ல” என்று யாழ்ப்பாணத்துப் பெண் கேலி பண்ணுவாள்.

நான் வளர்ந்த விதம் அப்படி. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டித்தான் குளிப்போம். அது ஆற்றுக்குச் சரி. நான் கதவைத் தாழிட்ட குளியலறைக்குள்ளும் அப்படியேதான் குளித்தேன். கல்யாணமாகி ஷார்ஜா வந்த பிறகும், யாருமே பார்க்க முடியாத நாலு சுவருக்குள்ளும் பாவாடை இறங்கியதில்லை. துணி மாற்றுவதும் ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் இன்னொன்றை உருவுவது. என் உடம்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. ஊரில் ஒரு தடவை நெஞ்சு வலி என்று போனபோது டாக்டர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அங்கே எடுப்பவர் ஓர் ஆண் என்று தெரிந்ததும், “வாயுப் பிடிப்புதான், சரியாயிட்டு” என்று சொல்லிவிட்டு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வெளியே வந்தவள் நான்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருடம் மே மாதக் கடைசியில் என் இடது அக்குளுக்குப் பக்கத்தில், மார்பு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஊறவைத்த சுண்டல் கடலை அளவு இருந்தது. வலி இல்லை.

நாங்கள் இருந்தது மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்திருந்த ஒரு ஃபிளாட். பிளைவுட் பலகை அடித்துத் தடுத்திருப்பார்கள். குளியலறை ஒன்றுதான். காலையில் எங்களுக்கு இருபது நிமிடம். கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. பக்கத்துத் தடுப்பு மலையாளி கதவைத் தட்டி, “சேச்சி, சமயம் ஆயி” என்றாள். அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே வந்ததும் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. அது என்னவாக இருக்கலாம் என்று தெரியும். சாவுக்குப் பயம் இல்லாமலும் இல்லை. என் பையன் அப்போது ஊரில் என் நாத்தனார் வீட்டில் இருந்து பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் டாக்டரிடம் போனால் அவர் முதலில் சொல்லப்போவது ‘சட்டையைக் கழற்றுங்கள்’ என்பதுதானே. அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும். கட்டியைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. தானாகவே கரைந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். ஆகஸ்ட் மாதம் அது கடலையிலிருந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது.

இதற்கிடையில், வேலை செய்து செய்து நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர ஆரம்பித்திருந்தேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர் அரபுப் பெண்கள். காரிலிருந்து இறங்கும்போது கண் மட்டும்தான் தெரியும். மற்றது எல்லாம் கறுப்புத் துணி. உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாமியாரும் மருமகளுமாக மேடையில் உட்கார்ந்து, ஒருவர் முதுகை ஒருவர் காட்டி, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறு ஏழு பெற்ற வயிறு மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அதைத் தூக்கிப் பிடித்து அடியில் தேய்க்கச் சொல்வார்கள். போகும்போது மறுபடியும் கண் மட்டும்தான் தெரியும்.

எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. மூடுவது வேறு, வெட்கப்படுவது வேறு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் வெளியே மூடுவது அவர்கள் வழக்கம். தன் உடம்போடு அவர்களுக்குச் சண்டை எதுவும் இல்லை. நான் முகத்தை மூடாமல் ரோலா முழுக்க நடக்கிறவள். ஆனால் என் உடம்பும் நானும் பேசிக்கொள்ளாத அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தோம்.

செப்டம்பர் ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஒரு ஜெர்மன் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. கணவர் துபாயில் என்ஜினியர். நான் சோப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் மேடையில் மல்லாந்து படுத்திருந்தார்.

அவருக்கு இடது மார்பு இல்லை. அந்த இடம் தட்டையாக, அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் கோணி தைத்த மாதிரி ஒரு தழும்பு.

என் கட்டியும் அதே பக்கம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அடுக்கிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து அவர் நெஞ்சின் மேல் போர்த்திவிட்டேன். அந்த நேரத்தில் நான் செய்தது பெரிய உபகாரம் என்றுதான் நினைத்தேன். பாவம், மறந்து படுத்திருக்கிறார், நாம் மூடிவிடுவோம் என்று.

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்தார். அதை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கோபமான குரல் இல்லை. ஆனால் மொரோக்கோக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. “ரூஹி, ரூஹி” என்று கையால் வெளியே போகச் சொன்னாள்.

முன்பக்கம் வந்து நின்றேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா, அந்த மனிசி முதலாளி மேடத்திட்ட சொன்னா உங்கட வேலை போயிடும். ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?”

“மூடணும்னு தோணுச்சு பிள்ள.”

“அவா கேட்டவாவே?”

கேட்கவில்லை. குளித்து முடித்து அந்த அம்மா வெளியே வந்தபோது நான் ஸ்டோர் ரூமுக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் மேடத்திடம் புகார் எதுவும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் புருவத்தைத் திருத்திக்கொண்டு, அடுத்த சனிக்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டு போனார்.

“உங்களப் பற்றித்தான் கேட்டவா” என்றாள் அவள் பிறகு. “உள்ளுக்க உங்களிட்ட என்ன சொன்னவா தெரியுமே? ‘குளிரெடுத்தா நானே கேப்பன்’ எண்டு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் போர்த்தியது அவருக்காக இல்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் போர்த்தினேன். அதை இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும். நான் தண்ணீர் ஊற்றினேன். அந்தத் தழும்பின் மேலும் ஊற்றினேன். மூன்றாவது தடவை, குளியல் முடிந்து ஓய்வு அறையில் புதினாத் தேநீர் கொண்டுபோய் வைத்தபோது, என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கூப்பிட்டு அவள் மூலமாகக் கேட்டார்.

“அண்டைக்கு ஏன் என்னை மூடினீங்கள் எண்டு கேக்கிறா. கோவமில்லையாம். தெரியத்தான் கேக்கிறாவாம்.”

“நீங்க சங்கடப்படுவிய, மறந்து படுத்திருக்கியனு நெனச்சேன்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்துப் பெண் இரண்டு வாக்கியம் மொழிபெயர்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

“அக்கா, இத நான் எப்பிடித் தமிழில சொல்லுறது எண்டு தெரியேல்ல.”

“சொல்லு பிள்ள.”

“அவாட ஊரில ஒரு ஏரி இருக்காம். அதின்ர கரையில ஒரு இடம் இருக்காம். அங்க போற ஆக்கள் ஒரு துணியும் போட மாட்டினமாம். குளிக்கிறது, வெயில்ல படுக்கிறது, சமைச்சுச் சாப்பிடுறது எல்லாம் அப்பிடித்தானாம்.”

“பொம்பளைங்க மட்டுந்தான?”

“இல்லையாம். ஆம்பிளையளும்தான். அவாட மனுசனும் வருவாராம்.”

“சீ” என்றேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிற வரை எழுதுகிறேன். அது வயது வந்தவர்களுக்கு மட்டுமான இடம். கேமரா உள்ளே போகக்கூடாது. எங்கே உட்கார்ந்தாலும் தன் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். யாரையும் உற்றுப் பார்க்கக்கூடாது, கேட்காமல் தொடக்கூடாது. தப்பாக நடந்துகொண்டால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். இருபது வருடமாக அவரும் கணவரும் போகிறார்களாம். முதல் நாள் பத்து நிமிடம் கஷ்டமாக இருந்ததாம். அதற்குப் பிறகு, எல்லோருக்கும் தொந்தியும் சுருக்கமும் தழும்பும் இருப்பதைப் பார்த்ததும், இதுதான் உடம்பு, கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்கு இருப்பது உடம்பு இல்லை என்று தோன்றிவிட்டதாம். அங்கே யார் முதலாளி, யார் டிரைவர் என்று கண்டுபிடிக்கவே முடியாதாம்.

“தப்பா நெனைக்கிறவன் இருக்க மாட்டானா?” என்று கேட்டேன்.

“அப்பிடிப்பட்டவன் துணி போட்டவளப் பாத்தும்தான் நினைப்பான் எண்டு சொல்லுறா” என்றாள் இவள். எனக்கு ரோலா பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. முழுக்கை சுடிதாரும் துப்பட்டாவுமாகப் போகிற என்னைப் பார்க்கிற பார்வைகளும் ஞாபகம் வந்தன.

ஆபரேஷன் முடிந்த வருடம் அவர் அந்த ஏரிக்குப் போகவே மாட்டேன் என்றிருக்கிறார். அப்புறம் ஒருநாள் போய், ஒரு புதருக்குப் பின்னால் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வெயில் தாங்காமல் துண்டை எடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, பெரிய தொந்தியோடு ஒரு கிழவர் நேரே வந்து, அவித்த முட்டைக்குக் கொஞ்சம் உப்பு இருக்குமா என்று கேட்டாராம். முகத்தைப் பார்த்துக் கேட்டாராம். உப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

“அதுக்குப் பிறகு மூடேல்லையாம்” என்றாள் இவள். பிறகு அந்த அம்மா இன்னொன்று சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. இவளும் மெதுவாகச் சொன்னாள். “அவாக்கு மார்பில நோய் இருந்ததே அங்கதான் பிடிபட்டதாம், அக்கா. தலை துவட்டக் கையத் தூக்கியிருக்கிறா. பக்கத்தில இருந்த சிநேகிதி பாத்திட்டு, ‘உனக்கு இந்த இடத்தில தோல் ஏன் உள்ளுக்க இழுத்திருக்கு?’ எண்டு கேட்டவாவாம். அவாக்கே தெரியாதாம். அப்ப யாரும் பாக்காம விட்டிருந்தா இண்டைக்கு நான் இல்லை எண்டு சொல்லுறா.”

நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கோப்பையில் தேநீர் பாதி இருந்தது. அவர் குடித்து முடிக்கவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். இரண்டும் உருப்படவில்லை. என் வீட்டுக்காரர் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் டிரைவர். காலை ஐந்து மணிக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று சப்பாத்தி போடும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் “உப்பு சரியா இருக்கா?” என்றுதான் வந்தது.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து, ரோலாவிலேயே ஒரு கிளினிக்கில், லேடி டாக்டர் என்று பெயர்ப்பலகை பார்த்து, டோக்கனும் வாங்கி உட்கார்ந்தேன். மலையாள டாக்டர். நல்ல முகம். “என்ன பிரச்சினை?” என்று தமிழிலேயே கேட்டார். நான் “இருமல்” என்றேன். இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையில் கடை மூடியிருக்கும். ஒவ்வொரு வருடமும் அந்தக் காலையில் வேலைக்காரப் பெண்கள் நாங்களே குளித்துக்கொள்ளலாம் என்று மேடம் சாவியைக் கொடுத்துவிடுவார். நோன்பு மாதத்துக்குள் சுத்தமான உடம்போடு போகவேண்டும் என்பது மொரோக்கோக்காரியின் ஊர் வழக்கமாம். ஒருவருக்கொருவர் தேய்த்துவிட்டுக்கொள்வார்கள். முந்தின இரண்டு வருடமும் நான் ஜலதோஷம், விலக்கு என்று ஏதாவது சொல்லி வெளியிலேயே உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை நானாகவே போனேன். வாயால் சொல்ல வரவில்லை. சொல்ல வராததை அவள் கை கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். மொரோக்கோக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இது என்ன, மூட்டையோட உருளைக்கிழங்கைக் கழுவச் சொல்றியா?” என்று அவளுடைய இந்தியில் கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அழுதுகொண்டு அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் தன் குதிகாலில்தான் குறியாக இருந்தாள். மொரோக்கோக்காரி சோப்பைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பளிங்கு மேடை சூடாக இருந்தது. நீராவி முதுகில் படுவது, வயிற்றில் படுவது எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. நாற்பத்துமூன்று வயதில் முதல் தடவையாக என் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நனைந்தது.

கால், முதுகு, வலது கை என்று தேய்த்துக்கொண்டு வந்தாள். இடது கையை அவள் தூக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் தூக்கினேன்.

கையுறை ஒருமுறை போயிற்று. மறுமுறை போகும்போது நின்றது. அவள் கையுறையைக் கழற்றினாள். வெறும் விரலால் தொட்டாள். இது என்ன என்று அரபியில் கேட்டாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். நான் நாலு விரலைக் காட்டினேன். நாலு நாளா என்றாள். இல்லை, மாதம் என்றேன்.

அவள் தன் பாஷையில் என்னைத் திட்டியதை இன்றுவரை யாரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. என் தோளில் ஒரு அடி வைத்தாள். ஈரக் கையால் வைத்த அடி, சுளீரென்று விழுந்தது. சத்தம் கேட்டு யாழ்ப்பாணத்துப் பெண் வந்தாள். தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அக்கா, இது இருக்கிறது உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியும் பிள்ள.”

“தெரிஞ்சும் ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?”

“யாருட்ட, என்னத்தக் காட்டிச் சொல்ல?”

மொரோக்கோக்காரி என்னைப் பாதியில் விட்டுவிடவில்லை. தலை வரைக்கும் தேய்த்து, களிமண் பூசி, முடியை அலசி, முழுக்கக் குளிப்பாட்டி முடித்தாள். தண்ணீர் ஊற்றும்போது அவள் கண்ணில் வடிந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. “புக்ரா டாக்டர்” என்றாள். நாளைக்கே டாக்டர். “நீ போகவில்லை என்றால் நான் வந்து இழுத்துக்கொண்டு போவேன்” என்பதைக் கையால் காட்டினாள்.

அவர்கள் தெரிந்துகொண்ட பிறகு வீட்டுக்காரரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்று மாலையே சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“நாலு மாசமாவா?”

“ம்.”

“என்ட்ட சொல்லதுக்கு என்னளா?”

“வெக்கமா இருந்துச்சு.”

“இருவத்தோரு வருசமா குடும்பம் நடத்துதோம். என்ட்ட என்ன வெக்கம்?”

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி வைத்த தட்டைப் பார்த்தபடி அவரே சொன்னார். “நானும் ஒரு நாளும் ஒன்னய ஒழுங்காப் பாத்ததில்லதான்.”

மறுநாள் அவர் லீவு போட்டு, அதே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “இருமல் எப்படி இருக்கு?” என்றார். “இருமலே இல்ல டாக்டர்” என்றேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உள்ளங்கை வேர்த்தது. ஆனாலும் கழற்றினேன்.

சோதனையெல்லாம் செய்து, நான் பயந்ததுதான் என்று தெரிந்தது. எங்கள் ஊருக்குத் திருவனந்தபுரம் பக்கம் என்பதால் அங்கேயே ஆபரேஷன் செய்துகொள்ள முடிவு பண்ணினோம். இடது மார்பை எடுத்தார்கள். நல்ல வேளை, இப்போதாவது வந்தீர்கள், இன்னும் நாலைந்து மாதம் விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார் பெரிய டாக்டர்.

கட்டுப் பிரிக்கிற அன்று என் நாத்தனார் கூட இருந்தாள். “மதினி, நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கிடுங்க. பாத்தா மனசு விட்டுரும்” என்றாள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். சிவந்து, வீங்கி, தையல் போட்ட இடம் வரிவரியாக இருந்தது. அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வயிற்றில் பிள்ளை பெற்ற கோடுகள் இருந்தன. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது. அப்படி ஒரு மச்சம் எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். எல்லாம் சேர்ந்து ஓர் ஆள் மாதிரித் தெரிந்தது. அது நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

வீட்டுக்காரர் திரும்ப ஷார்ஜா போவதற்கு முன்னால் ஒருநாள் பகல் வெளிச்சத்தில் அவருக்கும் காட்டினேன். அவர் கேட்கவில்லை. பார்த்தார். வேறு பக்கம் திரும்பவில்லை. “வலிக்கா?” என்று மட்டும் கேட்டார். “தூக்குனா வலிக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஊரில் இருந்த ஒரு வாரமும் தண்ணீர்க் குடத்தை என்னைத் தொட விடவில்லை.

நான் மறுபடி ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் எப்போதாவது போன் பண்ணுவாள். அந்த ஜெர்மன் அம்மா என்னைப் பற்றி ஒருமுறை விசாரித்தாராம். கடையில் கூட்டமாக இருந்ததால் விஷயத்தை அடுத்த தடவை சொல்லலாம் என்று இவள் விட்டிருக்கிறாள். அதற்குள் அவர் கணவரின் வேலை முடிந்து ஊருக்கே போய்விட்டார்கள். தான் சொன்ன ஒரு கதையால் ஓர் உயிர் தங்கியது என்று அவருக்குத் தெரியாது.

அவர் சொன்ன அந்த ஏரிக்கரைக்கு நான் என்றைக்கும் போகப்போவதில்லை. ஆணும் பெண்ணும் அப்படி இருப்பது இன்றும் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத காரியம்தான். ஆனால் அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று இப்போது நினைப்பதில்லை. நல்ல உடம்பு, கெட்ட உடம்பு என்று தரம் பிரிக்காமல் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேச அவர்கள் அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு நீராவி அறையும் இரண்டு சிநேகிதிகளும்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்துக்குப் பரிசோதனைக்குப் போகிறேன். வெட்கம் போய்விட்டதா என்றால், இல்லை. அதுவும் என்னோடு பஸ்ஸில் ஏறித்தான் வருகிறது. டாக்டர் அறைக்குள் போகும்போது மட்டும் அதை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போக நான் கற்றுக்கொண்டுவிட்டேன்.